பிக்கப்புக்கு ஆஃப்-ரோடு டயரும் வீலும்: அளவெடுத்து வாங்கும் வழி

பிக்கப் வாங்கி ஆறு மாதம் ஆனால் போதும், கம்பெனி டயர் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிய ஆரம்பித்துவிடும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இருக்கும் சந்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அலாய் கடையில் போய் நிற்போம். சுவரில் மாட்டியிருக்கும் கறுப்பு வீல்களில் ஒன்றைக் கைகாட்டிவிட்டு, "இதுக்கு என்ன டயர் போடலாம்ண்ணே?" என்று கேட்போம். நானும் முதல் தடவை அப்படித்தான் வாங்கினேன். அந்த செட்டைப் பத்தே மாதத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். ஏன் என்பது வீல் பற்றிய இடத்தில் வரும்.

வாங்க வேண்டிய வரிசையே வேறு. முதலில் வண்டி ஓடும் தரை, அப்புறம் அதற்கான டயர், அந்த டயருக்கு ஏற்ற வீல், கடைசியாகத்தான் கலரும் டிசைனும். நம் பக்கம் கண்ணில் படும் டொயோட்டா ஹைலக்ஸ், இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ் இரண்டையும் வைத்தே கணக்குச் சொல்கிறேன். வேறு பிக்கப் வைத்திருப்பவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்தத் தரை?

ஒரு மாதம் வண்டி எங்கெல்லாம் போனது என்று குறித்துப் பாருங்கள். "நான் முழுக்க ஆஃப்-ரோடு" என்று சொல்பவரின் கணக்கிலும் பெரும்பகுதி தார் ரோடாகத்தான் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச தூரம் எப்படிப்பட்ட மண் என்பதுதான் கேள்வி. ஏனென்றால் ஒவ்வொரு மண்ணும் டயரிடம் வேறு வேறு வேலை கேட்கும்.

சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துத் தேரிக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மணல், காய்ந்தால் மாவு மாதிரி. அங்கே முரட்டுப் பட்டன் (ஓடுதளத்தில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டி) வைத்த டயர் உதவாது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி பறித்துக்கொண்டு இறங்கும். மணலுக்கு வேண்டியது தரையில் பரந்து படியும் டயர், அதாவது காற்றைக் குறைத்தால் நன்றாகப் பரவும் டயர்.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் இதற்கு நேர் எதிர். மழை பெய்த கரிசலில் ஐம்பது அடி போனாலே டயரில் மண் அப்பிக்கொண்டு, பட்டன் இருந்த இடமே தெரியாமல் உருண்டை ஆகிவிடும். அப்புறம் அது எத்தனை விலை கொடுத்த டயராக இருந்தாலும் மொட்டை டயர்தான். அங்கே பட்டன்களுக்கு நடுவே அகலமான இடைவெளி வேண்டும். டயர் சுழலும்போது அப்பிய மண் தானாகத் தெறித்து விழ வேண்டும்.

மலைத்தோட்டப் பாதைகள் மூன்றாவது வகை. கூர்மையான கல், வேர், கல் பெயர்ந்த தடம். அங்கே அடி வாங்குவது பட்டன் அல்ல, டயரின் பக்கச் சுவர். ஓடுதளத்தில் ஆணி ஏறினால் ஐந்து நிமிடத்தில் பஞ்சர் போட்டுவிடலாம். பக்கச் சுவரில் வெட்டு விழுந்தால் அந்த டயரின் கதை முடிந்தது. அங்கே போகிறவர் பக்கச் சுவரில் மூன்று அடுக்கு உள்ள டயரைத் தேட வேண்டும்.

இந்த இடங்களில் பல காப்புக்காட்டு எல்லைக்குள் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போனால் பிரச்சினை டயரில் இருக்காது.

இரண்டாவது படி: ஏ.டி.யா, எம்.டி.யா?

கம்பெனியிலிருந்து வருவது பெரும்பாலும் எச்.டி., அதாவது ஹைவே டெரைன். அதற்கு அடுத்தது ஆல் டெரைன் என்ற ஏ.டி. கடைசியில் மட் டெரைன் என்ற எம்.டி. இப்போது ஏ.டி.க்கும் எம்.டி.க்கும் நடுவில் ரக்டு டெரைன் என்ற ஆர்.டி. ரகமும் வருகிறது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: பத்தில் ஒன்பது பேருக்கு ஏ.டி. போதும். எம்.டி. டயர் போட்ட வண்டியில் மழை நாளில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒரு தடவை இறங்கிப் பாருங்கள். பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் தார் மீது படும் ரப்பர் குறைவு. ஈரத்தில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் கூடும். எண்பதைத் தாண்டினால் வண்டிக்குள் ஒரு ரீங்காரம் கேட்கும், பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். தேய்மானமும் வேகம். கரிசல் சேற்றிலோ வயல் வேலையிலோ வாரத்தில் பாதி நாள் கழிப்பவருக்கு எம்.டி. நியாயமான செலவு. மற்றவர்களுக்கு அது கண்ணாடி முன் நின்று மீசை முறுக்கும் செலவு.

ஏ.டி.க்குள்ளும் வித்தியாசம் உண்டு. பி.எஃப். குட்ரிச் கே.ஓ.2 மாதிரியானவை கனமான, கல்லுக்கு அஞ்சாத ரகம். யோகோஹாமா ஜியோலேண்டர், மேக்ஸிஸ், ஜெனரல் கிராபர் எல்லாவற்றிலும் ஏ.டி. உண்டு. நம் நாட்டு அப்போலோ, சியட், எம்.ஆர்.எஃப்., ஜே.கே. கம்பெனிகளும் போடுகின்றன. பெயரை விட, உங்கள் அளவில் அந்த டயர் எந்தச் சுமைக் குறியீட்டோடு வருகிறது என்பது முக்கியம்.

மூன்றாவது படி: அளவும் எடையும்

டயரின் பக்கத்தில் 265/65 ஆர்17 என்று இருந்தால், அகலம் 265 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், வீல் 17 இன்ச். மொத்த உயரம் கண்டுபிடிப்பது பள்ளிக்கூடக் கணக்கு. 265-இல் 65 சதவீதம் 172.25. மேலும் கீழுமாக இரண்டு பங்கு 344.5. அதோடு 17 இன்ச்சுக்கான 431.8-ஐக் கூட்டினால் 776.3 மி.மீ. இது ஹைலக்ஸின் ஒரு கம்பெனி அளவு. இன்னொன்று 265/60 ஆர்18. அதைப் போட்டுப் பார்த்தால் 775.2, ஏறக்குறைய அதே உயரம். வி-கிராஸ் பலவற்றில் வரும் 255/60 ஆர்18 போட்டால் 763.2.

இப்போது ஹைலக்ஸில் 265/70 ஆர்17 போட நினைக்கிறீர்கள் என்று வையுங்கள். உயரம் 802.8 ஆகும். கூடுவது 26.5 மி.மீ.; வண்டி தரையிலிருந்து எழுவது அதில் பாதி, 13 மி.மீ.தான். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் பின்பக்கம் அச்சின் நடுவே தொங்கும், இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் குண்டை உயர்த்த இது ஒன்றுதான் வழி. லிஃப்ட் கிட் போட்டால் பாடியும் சேஸிஸும் மேலே போகும், குண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். கல்லில் இடிப்பது அதுதானே.

இந்த மாற்றத்தில் சுற்றளவு 3.4 சதவீதம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் முன்பு போலவே 100 காட்டும்போது வண்டி முன்பை விட மூன்று கிலோமீட்டர் வேகம் கூடப் போய்க்கொண்டிருக்கும். கம்பெனிகள் மீட்டரைச் சற்றுக் கூட்டிக் காட்டும்படிதான் வைக்கின்றன என்பதால் இது சமாளிக்கக்கூடியது. தூர மீட்டரும் குறைத்துக் காட்டும்; அதை மறந்துவிட்டு "டயர் மாத்துனதும் மைலேஜ் போச்சு" என்று புலம்புபவர்கள் உண்டு. கொஞ்சம் நிஜமாகவே போகும், கொஞ்சம் கணக்கில் போகும்.

நான் 3 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றுகொள்வேன். 285/70 ஆர்17 என்றால் 830.8 மி.மீ., 7 சதவீதம் கூடுதல். அந்த அளவுக்குப் போனால் உரசல், லிஃப்ட், கியர் இழுவை என்று ஒன்றன் பின் ஒன்றாகச் செலவு வரும்.

அளவுக்கு அடுத்து 112எஸ், 121எஸ் மாதிரி ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 116 என்றால் 1250, 121 என்றால் 1450. எஸ் என்பது மணிக்கு 180 கி.மீ. வரை, கியூ என்றால் 160. கம்பெனி டயரின் எண்ணை விடக் குறைந்த எண்ணை ஒருபோதும் வாங்காதீர்கள். பிக்கப் என்பது பின்னால் சுமை ஏறும் வண்டி. மூட்டை ஏற்றிய அன்றைக்குத்தான் இந்த எண்ணின் அருமை தெரியும்.

அதே அளவிலேயே முன்னால் எல்.டி. என்று போட்ட டயரும் கிடைக்கும். லைட் டிரக் ரகம், சுவர் தடிமன், வெட்டுக்கு அஞ்சாது. ஆனால் எடை ஏறும்: 265/70 ஆர்17 அளவில் ஒரு டயரே 20 கிலோவைத் தாண்டும். காலி வண்டியில் ஒவ்வொரு குழியும் முதுகுக்குத் தெரியும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. எல்.டி. டயர் அதே சுமையைத் தாங்கக் கூடுதல் காற்று கேட்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய காற்று அளவையே வைத்துச் சுமை ஏற்றினால் டயர் சூடாகும். டயர் கம்பெனியின் சுமை-காற்று அட்டவணையைப் பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். கல்பாதை இல்லாதவருக்கு எல்.டி. தேவையே இல்லை.

பில் போடும் முன் டயரைப் புரட்டி, நீள்வட்டத்துக்குள் இருக்கும் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் வைத்தது. அதிலிருந்து சில வெளிநாட்டு அளவுகள் தொடர்ந்து கிடைப்பதில்லை, கிடைப்பதும் சில இடங்களில் பழைய சரக்கு. ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் நான் வேறு கடை பார்ப்பேன். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணிக்கை ஐந்து, நான்கு அல்ல. ஃபோர் வீல் டிரைவ் போட்ட நிலையில் நான்கு டயரும் ஒரே உயரம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கியர் அமைப்பு முறுக்கிக்கொள்ளும். மலையில் ஒரு டயர் போய், சின்ன ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நீங்கள் ஃபோர் வீலில் ஏற வேண்டிய நிலை வரும். டிரேக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் புது அளவு நுழைகிறதா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

நான்காவது படி: வீல்

முதலில் கேட்க வேண்டியது, புது வீல் தேவையா என்பதுதான். 265/70 ஆர்17 டயர் 7 முதல் 9 இன்ச் அகல வீலில் உட்காரும். உங்களிடம் ஏற்கெனவே 17 இன்ச், 7.5 அகல அலாய் இருந்தால் அதிலேயே மாட்டலாம். மிச்சப்படும் பணத்தில் நல்ல டயரும் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் வாங்கலாம். 18 இன்ச் வீல் வைத்திருப்பவர் 17-க்கு இறங்குவதில் அர்த்தம் உண்டு: அதே மொத்த உயரத்தில் ரப்பர் கூடும், கல்லடியை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் உங்கள் வண்டியின் பிரேக் கேலிப்பரில் 17 உரசாமல் உட்காருகிறதா என்று ஒன்றை மாட்டிச் சுழற்றிப் பார்த்த பின்பே பணம் கொடுங்கள். 20 இன்ச் வீலை ஆஃப்-ரோடு என்று விற்பவரிடம் ஒரு கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

புது வீல்தான் என்றால் முதல் பொருத்தம் போல்ட் வட்டம், அதாவது போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம். ஹைலக்ஸ், டி-மேக்ஸ் இரண்டுக்கும் ஆறு போல்ட், 139.7 மி.மீ. ஃபோர்டு எண்டவருக்கும் அதேதான். "எல்லாம் ஒண்ணுதான் சார், மாட்டிடலாம்" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது. ஆனால் நடு ஓட்டையைப் பாருங்கள். அதில் நுழைவது ஹப், வண்டியில் வீல் உட்காரும் நடுப்பகுதி. ஹைலக்ஸ் ஹப்பின் விட்டம் 106.1, டி-மேக்ஸ் 100.1, எண்டவர் 93.1. எண்டவர் வீலை ஹைலக்ஸ் ஹப்பில் நுழைக்கவே முடியாது. ஹைலக்ஸ் வீலை டி-மேக்ஸில் மாட்டினால் நுழையும், ஆனால் ஆறு மி.மீ. ஆட்டம் இருக்கும், நட்டு மட்டுமே வீலை நடுவில் பிடித்துக்கொண்டிருக்கும். வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். அந்தச் சந்தை அடைக்க ஹப் ரிங் என்று ஒரு வளையம் உண்டு. சரியான அளவில் வாங்கிப் போடுங்கள்.

அடுத்தது ஆஃப்செட். என் பத்து மாதக் கதை இங்கேதான்.

வீலின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போடுங்கள். ஹப்பில் உட்காரும் முகம் அந்தக் கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் ஆஃப்செட் பிளஸ், வீல் உள்ளே தள்ளி நிற்கும். உள்பக்கம் இருந்தால் மைனஸ், வீல் வெளியே பிதுங்கும். வீலின் பின்பக்கம் ஈ.டி.30 மாதிரி எழுதியிருப்பது இதைத்தான், மி.மீ. கணக்கில். 7.5 அகலம், ஈ.டி.30 கொண்ட கம்பெனி வீலைக் கழற்றிவிட்டு நான் மாட்டியது 9 அகலம், மைனஸ் 12. கணக்குப் போடுங்கள்: அகலம் கூடியதில் ஒரு பக்கத்துக்கு 19 மி.மீ., ஆஃப்செட் மாறியதில் 42. ஆக வெளி விளிம்பு 61 மி.மீ. வெளியே வந்துவிட்டது. நின்றால் ராஜா மாதிரி இருந்தது. ஓடினால்? டயர் வாரிய சேறு கதவுக் கண்ணாடி வரை அடித்தது. குழியில் விழுந்தால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கியது. முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டின் பின் ஓரத்தைக் கடித்தது, ஏனென்றால் வெளியே தள்ளிய டயர் திரும்பும்போது இன்னும் பெரிய வட்டம் போடும். ஹப் பேரிங்குக்கும் அது நல்லதல்ல. பாரம் தள்ளி நிற்க நிற்க நெம்புகோல் நீளும்.

அதே இடத்தில் 8 அகலம், ஈ.டி.20 வாங்கியிருந்தால் வெளி விளிம்பு 16 மி.மீ.தான் நகர்ந்திருக்கும், உள் விளிம்பும் சஸ்பென்ஷனை விட்டு மூன்றரை மி.மீ. விலகியிருக்கும். இப்போது ஓடுவது அந்த அளவில்தான். 8 அகலம், ஈ.டி.0 என்றால் 36 மி.மீ. என்னைக் கேட்டால் கம்பெனி ஆஃப்செட்டிலிருந்து 10, 15-க்குமேல் போகாதீர்கள். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தட்டைப் போட்டு வெளியே தள்ளுவதும் இதே தவறுதான், மலிவு விலையில்.

இரும்பா அலாயா என்பதில் சண்டை வேண்டாம். இரும்பு டிஸ்க் கனம், ஆனால் வளைந்தால் சுத்தியலால் தட்டி ஊருக்கு வந்து சேரலாம். அலாய் எடை குறைவு. கல்லில் பலமாக அடித்தால் வெடிப்பு விடும். வெடித்த அலாயை வெல்டிங் செய்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். அலாய் வாங்கினால் அதன் மேல் சுமை அளவு வார்த்திருக்கிறதா என்று தேடுங்கள். ஜப்பானியச் சோதனையின் ஜே.டபிள்யூ.எல். முத்திரை பல வீல்களில் இருக்கும். பிக்கப்புக்கு அதில் டி சேர்ந்த டிரக் ரகம் இருந்தால் நல்லது. பீட்லாக் என்ற, வளையத்தைப் போல்ட் போட்டு டயர் விளிம்பைக் கவ்வும் வீல், காற்றை 10 பி.எஸ்.ஐ.க்கும் கீழே இறக்குபவருக்கு. நமக்கு வேண்டாம்.

நட்டை மறந்துவிடுவார்கள். டொயோட்டாவின் சில கம்பெனி அலாய்களுக்குத் தட்டை வாஷர் வைத்த நட்டு. வெளியில் வாங்கும் அலாய்களில் பெரும்பாலானவை கூம்பு உட்காரும் பள்ளம் கொண்டவை. பழைய நட்டையே போட்டு முறுக்கினால் பிடித்தது போலத் தெரியும், நாலு நாளில் தளரும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது. கம்பெனி தந்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியன்ட்டில் கம்பெனியே கொடுக்கும் அளவில் ஏ.டி. டயர் போடுவது வம்பில்லாத வழி. அதைத் தாண்டினால் ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் இரண்டு இடத்திலும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மட்கார்டுக்கு வெளியே டயர் பிதுங்கி நிற்பது தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

மாட்டும் நாள்

ஐந்தையும் மாட்டிவிட்டு வெளியே வராதீர்கள். முதலில் முன்பக்கம் ஒன்றை மட்டும் மாட்டச் சொல்லி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். மட்கார்டு லைனர், மட் ஃபிளாப், உள்ளே சஸ்பென்ஷனின் மேல் ஆர்ம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு விரல் நுழையும் இடைவெளியாவது வேண்டும். எல்லாம் மாட்டிய பின் ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கைத் திருப்பி, ரிவர்ஸிலும் ஒரு தடவை பாருங்கள். உரசும் வண்டி பெரும்பாலும் ரிவர்ஸில்தான் காட்டிக்கொடுக்கும். உரசினால் லைனரில் சாக்பீஸ் தடவி ஓட்டுங்கள், டயரில் வெள்ளை ஒட்டும் இடம் தெரிந்துவிடும்.

நட்டுகளை நட்சத்திர வரிசையில் கையால் பிடித்து, கடைசியில் முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். இம்பாக்ட் கன்னால் "டர்ர்" என்று அடித்து முடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நடுக்காட்டில் ஜாக்கி லீவரால் அந்த நட்டைக் கழற்றப் போவது கடைக்காரர் அல்ல. பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அன்றைக்கே. பழைய வீலில் காற்று சென்சார் இருந்தால் அதை எடுத்து மாற்ற மறக்காதீர்கள்.

புது டயரில் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். டயர் வார்க்கும் அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுக்கல் தேய்ந்து போகும் வரை பிடிப்பு குறைவு. ஐந்து டயரையும் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்டெப்னியோடு சேர்த்துச் சுழற்சியில் மாற்றினால் எல்லாம் சமமாகத் தேயும். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. ஆஃப்-ரோடுக்கு அதற்கு ரொம்ப முன்பே டயர் உதவாமல் போய்விடும்.

கடைசியாகக் காற்று. இத்தனை செலவு செய்த பிறகு 35 பி.எஸ்.ஐ.யோடு தேரிக்குள் இறங்கிப் புதைந்து நிற்கும் வண்டிகளைப் பார்க்கப் பாவமாக இருக்கும். மணலுக்கு 15 முதல் 18, கல்பாதைக்கு 22 முதல் 25 என்று தொடங்குங்கள். காற்றை இறக்கினால் டயர் அகலத்தில் கொஞ்சம், நீளத்தில் நிறையப் பரவும். அந்த நீளம்தான் மணலில் மிதக்க வைப்பது. இறக்கிய காற்றோடு முப்பது, நாற்பதுக்கு மேல் போகாதீர்கள், சட்டென்று வெட்டித் திருப்பாதீர்கள். டயர் விளிம்பு வீலை விட்டு நழுவிவிடும். தார் ரோட்டில் ஏறியதும் வண்டியை ஓரம் கட்டி, கம்ப்ரஸரை பேட்டரியில் மாட்டி, நான்கிலும் பழைய அளவுக்குக் காற்று ஏற்றுங்கள். சின்ன கம்ப்ரஸர் என்றால் அரை மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள்; புது வீல் மாட்டி 50, 100 கி.மீ. ஆகியிருந்தால் ஒன்றிரண்டு கால் சுற்று இறங்கக்கூடும்.